கேஸ் போட்டால் ரிப்பேர் ஆகிவிடுமா?

இந்தப் பங்குனியில் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு எங்கள் வீட்டு ஏசி மறுபடியும் வெறும் காற்றை ஊத ஆரம்பித்தது. மறுபடியும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2011-ல் வாங்கிய ஒரு டன் ஸ்ப்ளிட் ஏசி அது. 2022, 2023, 2024 என்று வருஷம் தவறாமல் கேஸ் போட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் 3,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுத்திருக்கிறேன். ரசீதில் "ஏசி ரிப்பேர்" என்று எழுதியிருக்கும். அதை ஃபைலில் கோத்து வைத்துவிட்டு, புதுசு வாங்காமல் 35,000 ரூபாய் மிச்சம் பண்ணிவிட்டதாக மகனிடம் போனில் பெருமை பேசுவேன்.

அன்றைக்கு, "ஒரு ராத்திரிதானே, ஃபேன் போதும்" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். விடிகாலையில் என் மனைவி எழுந்தவள் நிற்க முடியாமல் கட்டிலிலேயே சரிந்துவிட்டாள். அவளுக்கு 71 வயது. இதயத்துக்காக நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறாள். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு பகலும் ஒரு ராத்திரியும் டிரிப்ஸ் ஏற்றினார்கள். வயதானால் தாகம் தெரிவது குறைந்துவிடும், இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களை வெக்கை சீக்கிரம் சாய்த்துவிடும் என்று டாக்டர் சொன்னார். பில் கட்டும்போது பார்த்தேன். மூன்று வருஷக் கேஸ் செலவைவிட அதிகம்.

பழசைக் காப்பாற்றுகிறேன் என்று நான் செய்தது சிக்கனமா, பிடிவாதமா? ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து யோசித்தபோது, பள்ளிக்கூடத்துப் பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். சைக்கிளில் காற்று இறங்கிப் பள்ளிக்குத் தாமதமாகப் போனேன். வழியில் மூன்று இடத்தில் காற்றடித்து, "சைக்கிளை ரிப்பேர் செய்துகொண்டு வந்தேன்" என்று பிரெஞ்சில் சொன்னேன். ஆசிரியர் என்னைத் திட்டவில்லை, வார்த்தையைத் திருத்தினார். காற்றடித்து வீடுவரை ஓட்டுவது 'தெப்பனே'. ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டுப் போடுவது 'ரெப்பாரே'. முதலாவது அந்த நேரத்துக்கு ஒப்பேற்றுவது, இரண்டாவது பழுதை நீக்குவது. நாமோ இரண்டுக்கும் சேர்த்து "ரிப்பேர்" என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஏமாறுகிறோம்.

ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் போடுவது அந்த முதல் ரகம். ஏசிக்குள் இருக்கும் கேஸ், காருக்குப் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. அறைக்குள் இருக்கும் சூட்டை வாங்கி வெளியே கொண்டுபோய் விடுவதுதான் அதன் வேலை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் கேஸ் போடுவது, பஞ்சர் ஒட்டாமல் காற்றடிப்பதுதான்.

இதை எனக்கு விளக்கியவன் மணக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சின்னப் பையன். வந்தவுடன் கேஸ் சிலிண்டரை எடுக்கவில்லை. நைட்ரஜனை ஏற்றி, சோப்பு நுரை தடவி, ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தான். வெளி யூனிட்டின் காயிலில் குமிழி வந்தது. அலுமினியத் தகடுகள் தொட்டால் உதிர்ந்தன.

"உப்புக் காத்து பாட்டா. எங்க ஊர்ல இதவிட சீக்கிரமே போயிரும். ஒட்டிக் குடுக்கலாம், ஆனா பக்கத்துல இன்னொரு இடத்துல விடும். மாசாமாசம் உங்ககிட்ட துட்டு வாங்க எனக்கு மனசில்ல" என்றான்.

"காயிலை மட்டும் மாத்த முடியாதா தம்பி?"

"இந்த மாடலுக்கு இப்ப காயில் கெடைக்காது பாட்டா."

இன்னொரு விஷயமும் சொன்னான். பழைய ஏசிகளில் இருப்பது ஆர்-22 என்ற கேஸ். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987-ல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி உலகம் முழுக்க அதைப் படிப்படியாக நிறுத்தி வருகிறார்கள். இப்போது வரும் ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32. அதன் அழுத்தம் மிக அதிகம், தீப்பிடிக்கும் தன்மையும் கொஞ்சம் உண்டு. பழைய ஏசியில் புது கேஸைப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, பழசென்றால் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாமா? அதுவும் என் கட்சி இல்லை. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் 2007-ல் வாங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன் குளிர்ச்சி நின்றபோது ஒரு கடையில், "இதுக்கு ஆயுசு முடிஞ்சிட்டு, எக்ஸ்சேஞ்சுல குடுங்க" என்றார்கள். பார்க்கவே வராமல் சொன்ன தீர்ப்பு அது. வேறொருவரைக் கூப்பிட்டேன். தெர்மோஸ்டாட் போயிருந்தது. கூலியோடு சேர்த்து 900 ரூபாய். இன்றுவரை பால் திரியவில்லை.

புதுசு வாங்கச் சொல்கிறவர்கள் எப்போதும் கரண்ட் பில்லைக் காட்டுவார்கள். அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஏசியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று இருக்கிறதே, அது வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓட்டினால் என்று வைத்துப் போட்ட கணக்கு. நம் நாஞ்சில் நாட்டில் அவ்வளவு எங்கே ஓட்டுகிறோம்? பங்குனி, சித்திரை, முன்னும் பின்னும் கொஞ்சம். இடவப்பாதி மழை பிடித்து, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் வந்துவிட்டால் போர்வை தேட வேண்டியதுதான். எங்கள் வீட்டில் 90 நாள், நாளைக்கு 6 மணி நேரம் என்று வைத்தால் 540 மணி. லேபிள் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு.

புது ஏசியால் மணிக்கு அரை யூனிட் மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 270 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றால் 1,890 ரூபாய். 38,000 ரூபாய் ஏசி இந்த மிச்சத்தில் போட்ட காசை எடுக்க 20 வருஷம் ஆகும். எனக்கு 75 வயது! வருஷம் முழுக்க ஏசி ஓடுகிற வீட்டுக்கும், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டி விலைப்படி மாறுகிற வீட்டுக்கும் கணக்கு வேறு. ஆனால் நம்மைப் போல மூன்று மாதம் ஓட்டுகிறவர்கள், கரண்ட் மிச்சம் என்ற ஒரே காரணத்துக்காக நல்ல மெஷினை மாற்ற வேண்டியதில்லை.

அரசாங்க ஆபீசில் ஒரு நாற்காலியைக் கண்டம் செய்வதற்குக்கூட ஒரு படிவம் நிரப்புவோம். எப்போது வாங்கியது, என்ன விலை, இதுவரை பழுதுபார்க்க ஆன செலவு எவ்வளவு, இப்போது என்ன பழுது, சரிசெய்ய என்ன ஆகும். அப்போது அதைச் சிவப்பு நாடா என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். அந்தப் படிவத்தை வீட்டு ஏசிக்கு 2023-லேயே நிரப்பியிருந்தால் மனைவி ஆஸ்பத்திரியில் படுத்திருக்க மாட்டாள்.

ஆகவே என் கருத்து இதுதான். பழுதுபார்ப்பதா, மாற்றுவதா என்ற கேள்வி இரண்டாவதாக வரட்டும். முதல் கேள்வி, என்ன பழுது என்பது. அதைக் கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கெப்பாசிட்டர், தெர்மோஸ்டாட், ஃபேன் மோட்டார் என்றால் தயங்காமல் பழுதுபாருங்கள். காயில் அரித்துவிட்டது, கம்ப்ரசர் போய்விட்டது, மெஷினுக்குப் பத்து வயது தாண்டிவிட்டது என்றால் விட்டுவிடுங்கள். ஒரே பழுதுக்கு இரண்டாம் தடவை பணம் கொடுக்க நேர்ந்தால், முதல் தடவை பழுது நீங்கவே இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். அந்த அறையில் படுப்பவர் நோயாளி என்றால் சித்திரைவரை காத்திருக்காமல் மாசியிலேயே முடிவெடுங்கள்.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. பிரான்சில் 2021 முதல் டிவி, வாஷிங் மெஷின் போன்ற சில பொருள்களுக்குப் பழுதுபார்க்கும் வசதிக்கு மதிப்பெண் போட்டு, பத்துக்கு இத்தனை என்று கடையிலேயே காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. உதிரி பாகம் கிடைக்குமா, என்ன விலை, எளிதாகக் கழற்ற முடியுமா என்பதெல்லாம் அதில் அடக்கம். நம் நாட்டிலும் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022-ல் மத்திய அரசு ஒரு இணையதளம் தொடங்கியது. நல்ல ஆரம்பம். ஆனால் ஏசி லேபிளில் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், இத்தனை வருஷம் காயில் கிடைக்கும் என்று ஒரு வரி இருந்தால் நம்மைப் போன்ற கடலோர மாவட்டத்துக்காரர்களுக்கு எவ்வளவு உபகாரம்!

புது ஏசி வாங்கிவிட்டேன். அந்தப் பையன்தான் மாட்டிக் கொடுத்தான். பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடித்துக்கொண்டு போனான். புது ஏசிக்கென்று ஒரு ஃபைல் போட்டு, முதல் தாளில் அந்தப் படிவத்தை என் கையாலேயே கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ரிட்டயர் ஆகியும் ஆபீஸ் விடல்லியா?" என்றாள். இந்த ஒரு விஷயத்தில் விடாமலிருந்திருக்கலாம்.