தன் வழக்கைத் தானே உரைத்தல்

அரசனெதிரே நின்று வழக்குரைத்தார் யாரெனின், தமிழ் கற்றார் யாவரும் கண்ணகியின் பெயரையே கூறுவர். அவள் தன் பொருட்டுப் பேசுதற்கு ஒருவரையும் பாண்டியன் அவைக்கு அழைத்துச் சென்றிலள். இது யாவரும் அறிந்ததே. எனினும், அவ்வழக்கில் நாம் பெரிதும் நோக்காத செய்தி ஒன்று உளது. வழக்கைத் தீர்த்தற்குரிய சான்றாகிய சிலம்பு அரசன் காவலில் இருந்தது. அஃது அவைமுன் கொணரப்பட்டு உடைக்கப்பட்ட பின்னரே உண்மை வெளியாயிற்று. அதனைக் கொணருமாறு பணித்தவன் பாண்டியனே. அஃது அவனது பெருந்தன்மை. அவன் மறுத்திருப்பின் கண்ணகியின் நாவன்மை என் செய்யும்?

இக்காலத்து அரசாங்கங்களின் காவலிலும் இத்தகைய சான்றுகள் எண்ணிறந்தன உள. பாலங் கட்டச் செலவிட்ட பணத்தின் கணக்கு, தொழிற்சாலையைச் சோதித்த அதிகாரியின் அறிக்கை, சிறையில் இறந்தவனைப் பற்றிய விசாரணைக் குறிப்பு முதலியன அலுவலகங்களிலே பூட்டுண்டு கிடக்கின்றன. அவற்றைப் பெருந்தன்மை ஒன்றாலேயே வெளியிடுவாரை எங்குங் காண்டல் அரிது. ஆகலின் சட்டம் வேண்டற்பாலதாயிற்று.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1966-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4-ஆம் நாள் தலைவர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட தகவல் சுதந்திரச் சட்டம் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. அதன்படி மத்திய அரசாங்கத்தின் எந்த இலாகாவினிடத்தும் எவரும் ஆவணங்களைக் கேட்கலாம். 20 வேலை நாட்களுக்குள் இலாகா விடை கூறுதல் வேண்டும். நாட்டின் பாதுகாப்பு, வாணிக இரகசியம், தனி மனிதரின் அந்தரங்கம் முதலாக ஒன்பது விலக்குகள் உண்டு. மறுக்கப்பட்டவர் அவ்விலாகாவினிடமே மேல்முறையீடு செய்யலாம். அதனாலும் பயன் விளையாவிடினும், குறித்த நாட்களுள் விடையே வாராவிடினும், ஜில்லா நீதிமன்றத்தில் அரசாங்கத்தின்மேல் வழக்குத் தொடரலாம். அதற்கு வழக்கறிஞரை அமர்த்தியே தீரவேண்டுமென்பதில்லை. தன் வழக்கைத் தானே நடத்தும் உரிமை அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றங்களில் 1789 முதலே சட்டத்தால் வழங்கப்பட்டுள்ளது.

இதனைக் கேட்டு நகைப்பாரும் உளர். "மருத்துவனின்றி நோய் தீர்த்துக்கொள்வான் போலவும், மாலுமியின்றிக் கடல் கடப்பான் போலவும், சட்டமறியாதான் ஒருவன் அரசாங்க வழக்கறிஞரோடு மோதுதல் பேதைமையன்றோ?" என்பர். பிற வழக்குகளில் அவர் கூற்றுப் பெரும்பாலும் பொருந்தும். ஆயினும், ஆவணங் கேட்கும் வழக்கு அவற்றின் வேறுபட்டதென்பதே என் கருத்து. அதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, மெய்ப்பிக்கும் பொறுப்பு. பிற வழக்குகளில் தன் கட்சியை மெய்ப்பித்தல் வாதியின் கடன். இவ்வழக்கிலோ, மறைத்தது முறையே என்று காட்டுதல் மறைத்த இலாகாவின் கடனாகும். வாதி ஆவணத்தைக் கண்டவனல்லன். அவன் அமர்த்தும் வழக்கறிஞரும் அதனைக் கண்டவரல்லர். காணாமையில் கற்றாரும் கல்லாரும் ஒப்பர். இக்குறையைத் தீர்க்கவே, 1973-ஆம் ஆண்டில் வான் என்னும் சட்டப் பேராசிரியர் தொடுத்த வழக்கில், வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு நெறி வகுத்தது. எல்லாம் இரகசியமென்று பொதுப்படக் கூறி ஒதுக்குதல் ஆகாது. மறைக்கும் பகுதி இன்னது, அதற்குரிய விலக்கு இன்னது என்று இலாகா வரிசைப்படக் காட்டுதல் வேண்டும் என்பதே அது. அப்பட்டியல் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1974-இல் தலைவர் போர்டின் மறுப்பையும் மீறிக் காங்கிரஸ் சபை நிறைவேற்றிய திருத்தம், நீதிபதி அவ்வாவணங்களைத் தனியே வருவித்துப் பார்க்கும் அதிகாரத்தைத் தெளிவாக்கிற்று. அன்று பாண்டியன் தானே செய்ததை இன்று நீதிபதி செய்விக்கின்றார்.

இரண்டாவது, இது பெரும்பாலும் எழுத்தாலேயே நடைபெறும் வழக்கு. சாட்சிகளை வினாவி மடக்கும் சாதுரியத்திற்கு இங்கு இடஞ் சிறிது. பிரமாண வாக்குமூலங்களையும் எழுத்து மூலமான வாதங்களையும் படித்தே நீதிபதிகள் பெரும்பாலான வழக்குகளைத் தீர்க்கின்றனர். இன்ன ஆவணத்தை இன்ன நாளிற் கேட்டேன், இன்ன விடை வந்தது, அவ்விடை இன்ன காரணத்தாற் போதாது என்று தெளிவுற எழுதவல்லான் பாதி வழி கடந்தவனாவான். வழக்கறிஞரில்லாதார் எழுதும் மனுக்களை வழக்கறிஞர் மனுக்களைப் போல அத்துணைக் கடுமையாக அளத்தலாகாது என்று 1972-இல் அந்நாட்டுத் தலைமை நீதிமன்றமும் கூறியிருக்கின்றது.

நிற்க. இவ்வழியில் முட்களே இல்லையென்று நான் கூறவில்லை. ஜில்லா நீதிமன்றத்தில் வழக்குப் பதிவு செய்தற்கு 2023 டிசம்பர் முதல் 405 டாலர் கட்டணம். வறியவர் விலக்குக் கோரலாம். குறித்த நாளைத் தவறவிட்டவன் நல்ல வழக்கையும் இழப்பான். நாட்டுப் பாதுகாப்பைக் காரணங் காட்டி மறைத்தவற்றைப் பெறுதல் தேர்ந்த வழக்கறிஞர்க்கும் அரிது. இவற்றினும் என் மனத்தை உறுத்துவது பிறிதொன்று. வழக்கறிஞரை அமர்த்தி வென்றார்க்கு அவ்வழக்கறிஞரின் ஊதியத்தை அரசாங்கமே தருமாறு நீதிமன்றம் பணிக்கலாம். தானே எழுதித் தானே வாதாடி வென்றவனுக்கோ நீதிமன்றச் செலவன்றித் தன் உழைப்பிற்கென ஒன்றுங் கிடைப்பதில்லை. ஒரே உண்மையை வெளிக்கொணர்ந்த இருவருள் ஒருவன் உழைப்பிற்கு விலையுண்டு, மற்றவனுடையதற்கு இல்லை என்பது நடுநிலையாகுமா? அளவான தொகையொன்றையேனும் அவனுக்கு வழங்க விதித்தல் நன்று.

இனி நம் நாட்டை நோக்குவோம். இந்திய மாநிலங்களுள் இத்தகைய சட்டத்தை முதன்முதல் இயற்றியது தமிழ்நாடே, ஆண்டு 1997. பின்னர் 2005-இல் நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் விடை தரப்படல் வேண்டும். மறுக்கப்பட்டவர் முதலில் மேலதிகாரியிடமும், பின்னர்த் தகவல் ஆணையத்தினிடமும் முறையிடலாம். ஆண்டும் வழக்கறிஞர் வேண்டுவதில்லை. மறுத்தது முறையென்று காட்டும் பொறுப்பும் அதிகாரியினுடையதே. ஆணையங்களில் முறையீடுகள் நெடுங்காலந் தேங்குதல் பெருங்குறையே. எனினும், தமிழ் மாணவராகிய நாம் கருதத்தக்க சிறப்பொன்று அச்சட்டத்தில் உண்டு. விண்ணப்பத்தை நம் மாநில ஆட்சிமொழியாகிய தமிழிலேயே எழுதலாம். எழுதவியலாதார் வாயாற் கூறுவதை எழுத்தாக்க அதிகாரியே உதவுதல் வேண்டும்.

அங்ஙனமாயின், நம் கல்விக்கும் இவ்வுரிமைக்கும் தொடர்பில்லையென்று எவர் கூறுவார்? நூற்பாக்களுக்கு நுண்ணுரை காணும் நம்மிற் பலர், வேண்டுவது இன்னதென்று பத்து வரியில் ஐயத்திற்கிடமின்றி ஒரு விண்ணப்பம் வரையத் தயங்குகின்றோம். அடைமொழிகளைக் குவித்து எழுதிய விண்ணப்பத்தை அதிகாரி எளிதில் ஒதுக்கிவிடுவார். நாளும் எண்ணும் பெயருங் குறித்து எழுதியதை ஒதுக்குதல் அவர்க்கு அரிது. சொற்சுருக்கமும் பொருட்டெளிவும் தேர்வு மதிப்பெண்ணிற்கு மட்டும் உரியன அல்ல.

ஆதலின், மாணவ நண்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது, தம் நிலத்தின் பதிவையோ, வாராத உதவித் தொகையின் கணக்கையோ கேட்க அஞ்சி நிற்கும் முதியவர் ஒருவர்க்கேனும் விண்ணப்பம் எழுதிக் கொடுமின். இரண்டாம் முறை அவரே எழுதவோ, எழுதுவிக்கவோ கற்றுக் கொடுமின். தன் வழக்கைத் தானே உரைக்க வல்ல குடிகள் பெருகுமிடத்தே அரசாங்கமும் தன் கடமையை மறவாது நிற்கும்.