எங்கே போவது என்று சொல்லாத எச்சரிக்கை

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. நாடே பதறியது. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் அரிசியும் உடுப்பும் லொறி லொறியாக வந்தன. சிங்கள, முஸ்லிம் சகோதரர்களும் ஓடி வந்தார்கள். அந்த அன்பை நாம் மறக்கமாட்டோம்.

அதே நாட்களில் இன்னொரு பேச்சும் கிளம்பியது. "அபாயம் என்று முன்பே சொன்னோம், அவர்கள்தான் போகவில்லை" என்றார்கள். இன்றும் ஒவ்வொரு மண்சரிவுக்குப் பிறகும் இதையே கேட்கிறோம். செத்தவன் மேலேயே பழியைப் போட்டுவிட்டால் வேறு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை அல்லவா?

அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது உண்மை. எங்கள் கேள்வி அதற்கு அடுத்தது. அந்த எச்சரிக்கை யாருடைய கைக்குப் போனது? ஒவ்வொரு குடும்பத்துக்கும் தமிழில், எழுத்தில் கிடைத்ததா? எல்லாவற்றுக்கும் மேலாக, எழும்பி எங்கே போகச் சொன்னார்கள்?

லயக் காம்பிரா தொழிலாளியின் சொத்து இல்லை. ஒரு குசினியை இழுத்துக் கட்டவும் துரையிடம் அனுமதி கேட்க வேண்டும். காணி அரசாங்கத்தினுடையது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. தோட்டத்துக்குள் பிரதேச சபைப் பணத்தைச் செலவழிக்கவே 2018 வரை சட்டம் தடையாக இருந்தது. சொந்தமாக ஒரு பேர்ச் நிலம் இல்லாதவனிடம் "வெளியேறு" என்றால், றோட்டில் போய் நில் என்றுதானே பொருள்? போக மறுத்தார்கள் என்பது பொய். போவதற்கு இடம் கொடுக்கப்படவில்லை என்பதே உண்மை.

இறந்தோர் கணக்கும் அப்படித்தான். முதலில் நூற்றுக்கணக்கானோர் என்றார்கள். பிறகு எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறியது. ஒரு லயத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அரசாங்கத்துக்குத் தெரியாமல் இருந்தது. செக்ரோலில் ஒரு நாள் பேர் விழவில்லை என்றால் கண்டுபிடிக்கத் தெரிந்த நாட்டில், ஒரு லயமே புதைந்தால் எத்தனை உயிர் என்று சொல்ல ஆளில்லை!

தப்பியவர்கள் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அகதிகளாகக் கிடந்தார்கள். 75 வீடுகள் கட்டிக் கையளிக்க 2016 ஒக்டோபர் வரை ஆனது. பாதுகாப்பான காணி கொடுக்க முடியும் என்பதற்கு அந்த வீடுகளே சாட்சி. சாவுக்குப் பிறகு கொடுக்க முடிந்த காணியை, 2005இல் ஏன் கொடுக்க முடியவில்லை? இதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அரசாங்கத்திடமும் கம்பனிகளிடமும் நாம் கேட்பது இவைதான். அபாய அறிவித்தல் கொடுக்கும் எந்த லயத்துக்கும், மாற்றுக் காணி எது, எந்தத் திகதிக்குள் என்பதையும் அதே கடிதத்தில் எழுத வேண்டும். அந்தக் காணிக்கு உறுதிப் பத்திரம் வேண்டும். சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் லயத்தை விட்டு வெளியேறும் தொழிலாளிக்கு முழுப்பேர் போட வேண்டும். சம்பளத்தையும் உயிரையும் தராசில் வைத்துத் தெரிவு செய்யும் நிலைக்கு அவரைத் தள்ளக்கூடாது.

நாமும் சும்மா இருக்கக்கூடாது. மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு டிவிசனிலும் தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் லயம் லயமாகப் போய், யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர்ப்பட்டியல் எழுதுங்கள். சுவரிலும் நிலத்திலும் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கலாக வரும் ஊற்று ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடமும் இன்னொன்றைப் பிரதேச செயலாளரிடமும் கொடுத்து, கிடைத்ததாகக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் லயத்தைப் பற்றிய அபாய அறிக்கையை 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அதிகாரி தன் முடிவை அறிவிக்க வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாவிட்டால் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

இனி ஒருவரும் "நாங்கள் சொன்னோம்" என்று தப்பிக்கக்கூடாது. நாம் கேட்டோம் என்பதற்கு நம் கையில் கடதாசி இருக்கட்டும்.