தையல்காரர் ஜனாதிபதி ஆனார்!

பள்ளிக்கூடத்துப் படியை ஒரு நாள்கூட மிதிக்காதவர், ஒரு நாட்டின் ஜனாதிபதி ஆக முடியுமா?

அமெரிக்காவில் ஒருவர் ஆனார்! அவர் பெயர் ஆண்ட்ரூ ஜான்சன். அந்த நாட்டின் 17-வது ஜனாதிபதி.

வட கரோலினா மாநிலத்தில் ராலே என்ற ஊரில், 1808-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி அவர் பிறந்தார். 3 வயதில் தகப்பனார் இறந்துவிட்டார். தாயார் ஊரார் துணிகளைத் துவைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். சாப்பாட்டுக்கே கஷ்டம். படிப்புக்கு எங்கே போவது? சிறுவனை ஒரு தையல் கடையில் தொழில் பழக விட்டார்கள்.

காதில் விழுந்த பாடம்

அந்தக் கடையில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பையன்கள் தைத்துக்கொண்டு இருப்பார்கள். படித்தவர் ஒருவர் வந்து, பெரிய மனிதர்களின் சொற்பொழிவுகளைப் புத்தகத்தில் இருந்து உரக்கப் படிப்பார். ஜான்சனின் கை ஊசியில் இருக்கும். காது புத்தகத்தில் இருக்கும்!

கேட்கக் கேட்க ஆசை பிறந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

1824-ல் கடையை விட்டு ஓடிப்போனார். "பிடித்துக் கொடுப்பவருக்கு 10 டாலர் பரிசு" என்று முதலாளி பத்திரிகையில் விளம்பரம் செய்தார். பின்னால் ஜனாதிபதி ஆனவருக்கு அன்று விலை 10 டாலர்தான்!

மனைவியே வாத்தியார்

டென்னசி மாநிலத்தில் கிரீன்வில் என்ற ஊரில் சொந்தமாகத் தையல் கடை வைத்தார். 1827-ல் எலைசா என்ற பெண்ணை மணந்தார். மாப்பிள்ளைக்கு 18 வயது. பெண்ணுக்கு 16.

எலைசா படித்தவர். கணவருக்கு எழுதவும் கணக்குப் போடவும் கற்றுக்கொடுத்தார். அந்த வயதில் மனைவியிடம் பாடம் கேட்க ஜான்சன் வெட்கப்படவில்லை.

பிறகு ஏறுமுகம்தான். ஊர்ச் சபை உறுப்பினர், நகரத் தலைவர், பாராளுமன்ற உறுப்பினர் என்று உயர்ந்தார். 1853-ல் டென்னசி கவர்னர் ஆனார். மறு ஆண்டே, பொதுப் பள்ளிக்கூடங்களுக்காக மாநிலம் முழுவதும் வரி விதிக்கச் செய்தார். ஏழைப் பிள்ளையின் கஷ்டம் அவருக்குத் தெரிந்து இருந்தது.

1865-ல் உப ஜனாதிபதி ஆனார். ஆறே வாரத்தில் ஆபிரகாம் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 15-ந் தேதி ஜான்சன் ஜனாதிபதி ஆனார்.

அடைத்த கதவு

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது.

அடிமைத்தளையில் இருந்து அப்போது சுமார் 40 லட்சம் கறுப்பு மக்கள் விடுபட்டு இருந்தார்கள். ஜான்சன் பிறந்த வட கரோலினாவில், அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதே ஒரு காலத்தில் சட்டப்படி குற்றம்! அந்த மக்களுக்குப் பள்ளிக்கூடம் வைக்கவும் மற்ற உதவிகள் செய்யவும் ஓர் அரசாங்க இலாகா இருந்தது. அதை நீடிக்கும் மசோதா 1866-ல் வந்தது. ஜான்சன் கையெழுத்துப் போட மறுத்தார். அந்த மக்களுக்குக் குடி உரிமை தரும் மசோதாவையும் தடுத்தார். அவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான்.

பாராளுமன்றம் அவருடைய தடையை மீறி இரண்டையும் நிறைவேற்றியது. மோதல் முற்றியது. 1868-ல் அவரைப் பதவியில் இருந்து நீக்க விசாரணை நடந்தது. அமெரிக்காவில் அப்படி விசாரிக்கப்பட்ட முதல் ஜனாதிபதி அவரே. நீக்குவதற்கு 36 ஓட்டுகள் வேண்டும். கிடைத்தவை 35. ஒரே ஓட்டில் பதவி தப்பியது!

1867-ல் ரஷியாவிடம் இருந்து அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்கா வாங்கியதும் அவர் காலத்தில்தான். 1875-ல் மீண்டும் மேல்சபை உறுப்பினர் ஆனார். அதே ஆண்டு ஜூலை 31-ந் தேதி இறந்தார். தேசக் கொடியை உடலில் சுற்றி, தலைக்கு அடியில் அரசியல் சட்டத்தை வைத்து அடக்கம் செய்தார்கள்.

தையல் கடையில் யாரோ படித்துக் காட்டியதால் அவருக்கு ஒரு கதவு திறந்தது. எலைசா அதை அகலத் திறந்தார். ஆனால், பின்னால் வந்த ஏழைகளுக்கு அதே கதவை அவர் அடைக்கப் பார்த்தார்.

தான் படித்தால் மட்டும் போதாது. அடுத்தவரையும் படிக்க விடவேண்டும். அப்போதுதான் கற்ற கல்விக்குப் பெருமை!