கரைக்கு மண் கொட்டினால் ஏரி நிரம்பாது! வரத்துவாய்க்காலை மீட்போம்!

 

ஏரிக்கரையில் பொக்லைன் வந்து நின்னா போதும், "வேலை நடக்குது"ன்னு சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போயிடுறோம். கரைமேல் மண்ணைக் கொட்டி, மதகுக்குச் சுண்ணாம்பு அடிச்சு, போர்டு நட்டு, பில் எழுதிக்கிட்டுப் போயாச்சு. ஐப்பசியில் மழையும் பெய்தது. ஏரிக்குத் தண்ணீர் வந்ததா?

எப்படி வரும்? ஏரிக்குள் நேராக விழுகிற மழை கொஞ்சம்தான். கரட்டிலும் மேட்டுக்காட்டிலும் பெய்து, ஓடையாகச் சேர்ந்து, வரத்துவாய்க்கால் வழியாக வருவதுதான் ஏரித் தண்ணீர். மேல் ஏரி கலிங்கு வழிந்தால்தான் கீழ் ஏரிக்குப் பங்கு. அந்த வாய்க்கால் வரைபடத்தில் இரட்டை மாட்டு வண்டி இறங்குகிற அகலம். இப்போது ஒரு ஆள் எட்டித் தாண்டுகிற அகலம். ஒரு பக்கம் பிளாட் போட்டவன் கல் நட்டிருக்கிறான். இன்னொரு பக்கம் வரப்பை வருஷத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டது வெளியூர்க்காரன் இல்லை. நம்ம ஆள்தான்! சொன்னால் கோபம் வரும், வரட்டும். பிளாட்காரன்மேல் மட்டும் மனு கொடுத்துவிட்டு உறவுக்காரனை விட்டுவிட்டால் எந்தத் தாசில்தார் நம்மை மதிப்பார்?

"ஏரி அரசாங்கச் சொத்து, அவங்க பார்த்துக்கட்டும்" என்று திண்ணையில் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். உத்திரமேரூர் கல்வெட்டு பராந்தகச் சோழன் காலத்தது. அதில் ஏரி வாரியத்துக்கு ஊரே ஆள் தேர்ந்தெடுத்த முறை இருக்கிறது. குடிமராமத்தும் ஊர் வழக்கம்தான். அந்த வழக்கத்தை வெள்ளைக்காரன் 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டமாக்கினான். அதிகாரம் அவனுக்கு, மண்வெட்டி நமக்கு! சுதந்திரம் வந்தும் அந்தப் புத்தி முழுசாப் போகவில்லை. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கலாம் என்று 2000-ல் சட்டம் போட்டார்கள். 2017-ல் குடிமராமத்துத் திட்டம் வந்தது. செலவில் நூற்றுக்குப் பத்து விவசாயி பங்கு என்றார்கள். பல ஊர்களில் பாசனதாரர் சங்கம் என்ற பெயர் மட்டும் நமக்கு, வேலையும் பணமும் காண்டிராக்டருக்கு என்று புகார் கிளம்பியது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தலைவர்களும் நம்மவர்கள்தானே?

ஊர் கூடினால் முடியாதா? 2018 கஜா புயலில் தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்தபோது, அடுத்த வருஷமே பேராவூரணிப் பெரியகுளத்தை அந்தப் பகுதி இளைஞர்களும் விவசாயிகளும் பணம் திரட்டித் தூர் வாரினார்கள். 500 ஏக்கருக்கு மேற்பட்ட குளம் அது! மதுரைப் பக்கம் 1992 முதல் வயலகம் என்ற பெயரில் ஆயக்கட்டுக்காரர்கள் சேர்ந்து கண்மாய் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கும் நம்மைப்போல ரெண்டு கைதான்.

சட்டமும் நம்ம பக்கம் இருக்கிறது. குளம் குட்டைகள் ஊருக்குப் பொதுவானவை, அவற்றைப் பட்டா போட்டுக் கொடுக்க முடியாது என்று 2001-ல் உச்ச நீதிமன்றமே ஹின்ச் லால் திவாரி வழக்கில் சொல்லிவிட்டது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டம் வந்தது. ஆனால் கவனியுங்கள்: அது பொதுப்பணித்துறை ஏரிகளுக்கு. ஒன்றியத்து ஏரிக்கு அதைக் காட்டி மனு கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள், ஆறு மாசம் போயிடும். அதற்கு 1905-ம் வருஷ நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வண்டல் விஷயமும் இதேதான். விவசாயத்துக்கு வண்டல் இலவசம். 2024 முதல் தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கலாம். நம்ம டிராக்டர் நிற்க, ராத்திரியில் செங்கல் சூளைக்கு லாரி போவது யார் அனுமதியில்? கேட்க நாலு பேர் ஒன்றாகப் போனால் லாரி திரும்பும். ஒருத்தன் தனியாகப் போனால் அவன்மேல்தான் கேஸ் வரும்.

எனவே, வருகிற குறைதீர் கூட்டத்துக்கு ஆயக்கட்டுக்காரர் வீட்டுக்கு ஒருத்தர் கட்டாயம் வர வேண்டும். பெண்களும் வாருங்கள், நாற்று நடுகிறவர்களுக்கு இல்லாத உரிமையா? ஆளுக்கொரு மனு வேண்டாம், ஊருக்கு ஒரே மனு. சர்வேயர் வந்து ஓடைத் தலையிலிருந்து ஏரி வாய் வரை அளந்து கல் நட வேண்டும். கேட்பது இதுதான். அளக்கிற அன்று வரப்பை நகர்த்தியவர்கள் தாங்களாகவே பின்வாங்கிக்கொள்ளட்டும். மறுத்தால் அவர்கள் பெயரும் மனுவில் சேரும், சங்க உறுப்பினரானாலும் சரி.

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்