கவிழ்ந்த அண்டா

அடுப்பங்கரை அண்டா ஒரு சாம்ராஜ்யத்தையே ஆட்டி வைத்தது தெரியுமோ? துருக்கி சுல்தானின் ஜானிஸாரி என்ற காலாட்படைக்குச் சோற்று அண்டாதான் கொடிக்குச் சமம். அதிகாரிக்குப் பட்டமே 'சூப்புக்காரர்'! சுல்தான்மேல் கோபம் வந்தால், அவர் போடும் சோறு வேண்டாமென்று அண்டாவைக் கவிழ்ப்பார்கள், அரண்மனை நடுங்கும். 1622-ல் பதினேழு வயது சுல்தான் இரண்டாம் உஸ்மானைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கினார்கள். பிள்ளையின் உயிரும் போயிற்று.

நாளடைவில் சண்டையை மறந்து காப்பிக் கடை வைத்தார்கள். (அதில்தான் லாபம் போலும்!) கடைக்காரர்களிடம் 'காவல்' காசு கறந்தார்கள். சம்பளச் சீட்டுகள் சரக்காக விலைபோயின. போர்க்களத்தையே பாராதவன் சீட்டு வாங்கிச் சம்பளம் பெற்றான்.

1826 ஜூனில் மீண்டும் அண்டா கவிழ்ந்தது. இம்முறை சுல்தான் இரண்டாம் மஹ்மூத் பீரங்கிகளை ஏவினார். இஸ்தான்புல் படைவீடு தீக்கிரையாயிற்று; ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். படையே கலைக்கப்பட்டது. காப்பிக் கடைகளுக்கும் பூட்டு விழுந்தது.