மாலிக்கைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை

ஜேம்ஸ் கன்னின் 'சுப்பர்மேன்' 2025 யூலையில் வந்ததிலிருந்து ரசிகர்கள் இரண்டு கட்சி. 2013இல் ஸ்னைடர் எடுத்த 'மேன் ஒஃப் ஸ்டீல்' நாயகன்தான் அசல் எண்டு ஒரு கூட்டம். அணிலைக்கூடக் காப்பாற்றுகிற இவன்தான் அசல் எண்டு மற்றக் கூட்டம். எது கூட வசூலிச்சது, சிவப்பு ஜங்கி தேவையா, புதிய டிசி உலகத்தில் அடுத்து ஆர் வாறது... இதுகள்தான் விவாதமாம்!

நாங்கள் கேட்கிறது வேற. மாலிக் எங்கே? (படம் பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.) சண்டையில் விழுந்து கிடந்த சுப்பர்மேனுக்குக் கைகொடுத்த ஃபலாஃபல் வியாபாரி. அதுக்காகவே லெக்ஸ் லூதர் அவனைச் சுப்பர்மேனின் கண்முன்னால் சுட்டுக் கொல்லுறான். படம் அவனுக்கு ஒதுக்கினது சில நிமிடங்கள்தான்.

ஜார்ஹன்பூர் சனத்துக்கு அதுவும் இல்லை. பொரேவியாவின் படைக்கு முன்னால் தடி, பொல்லுகளோட நிற்கினம். ஒரு பெடியன் கொடியைத் தூக்கிச் சுப்பர்மேனைக் கூப்பிடுறான். அவன்ர பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

ரெண்டு படத்தில எங்களுக்குப் பிடிச்சது கன்னின்ர படம்தான். அதாலதான் இந்தக் கோபம். தொடரின் எதிர்காலத்தைப் பற்றி அடிபடுகிற அண்ணாமாரே, வரப்போகிற ஹீரோக்களை எண்ணுறதை விட்டிட்டு, அந்தப் பெடியனுக்கு ஒரு பெயரும் ரெண்டு வசனமும் கேளுங்கோவன்.