பிழை மறைத்தல் பெரும்பிழை

கொப்பியிலே சிவப்பு மையைக் கண்டு முகஞ்சுளிக்கும் மாணாக்கருட் சிலர் பின்னாளில் வைத்தியராகின்றனர். கொப்பியிற் பிழை நேர்ந்தாற் புள்ளி குறையும். வைத்தியசாலையிற் பிழை நேர்ந்தால் உயிர் போகும். ஆயினும், திருத்தம் மிக வேண்டப்படும் அவ்விடத்திலேயே பிழையை மறைக்கும் அச்சமும் மிகுகின்றது.

அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரத்துச் சத்திரவைத்தியர் ஏர்ணெஸ்ற் கொட்மன் என்பார், 1911 முதல் 1916 வரை தமது சிறு வைத்தியசாலையிற் சிகிச்சை பெற்று நீங்கிய 337 நோயாளரின் வரலாற்றை ஆராய்ந்து, 123 பிழைகளைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். சகவைத்தியர் பலர் அவரை வெறுத்தனர். இன்றோ, நேர்ந்த இறப்புக்களையும் பிழைகளையும் கூடியிருந்து ஆராய்தல் வைத்தியப் பயிற்சியின் ஓர் அங்கமாயிற்று.

எனினும், கூட்டம் மட்டும் போதாதென்பதே எமது கருத்து. "செய்தவன் யார்?" என வினவுமிடத்து இளையோர் வாய் திறவார்; "எவ்வாறு நேர்ந்தது?" என வினவுமிடத்தே உண்மை வெளிவரும். மூத்தோர் தம் பிழையை முதலிற் கூறுதல் வேண்டும். யாமும் கரும்பலகையிற் பிழைபட எழுதியதுண்டு. சிறுவனொருவன் எழுந்து சுட்டியபோது அதனை ஏற்றோம். அன்றுதொட்டு அவ்வகுப்பு அஞ்சாது வினவிற்று. வைத்தியராய் விளங்கும் எம் பழைய மாணவர், தம்மிடம் பயிலும் இளையோர்க்கு இத்துணிவை நல்குவாராக. நோயாளியின் உயிரினும் எவர் மானமும் பெரிதன்று.